மலைத்தேன் தண்ணியாக இருந்தால் போலியா? நீலகிரித் தேன் நான்கு வகை, ஒரு விமர்சனம்

நீலகிரிக் காட்டுத் தேனைப் பற்றி வாங்கினவர்கள் எழுதுகிற புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தண்ணியாக இருக்கிறது. போன தடவை வாங்கினது வேறு நிறம். லேசாகக் கசக்கிறது. மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம். இதில் நிறமும் கசப்பும் குறையே அல்ல. தண்ணியாக இருப்பது ஓர் அளவு வரைக்கும் அந்தத் தேனின் இயல்பு. புஸ்ஸென்ற சத்தம் மட்டும் உண்மையான குறை. அதுகூடக் கலப்படத்தால் வருவதில்லை. அடையை எந்த நாளில், எப்படி அறுத்தார்கள் என்பதால் வருவது. ஆகவே மலைத்தேனுக்கு மதிப்பெண் போடுவது என்றால், எடுத்தவர்களின் கைப்பக்குவத்துக்குப் போடுவதாகத்தான் அர்த்தம்.

மலைத்தேன் என்ற ஒரே பெயரில் நான்கு தேன் விற்கிறது. பாறை இடுக்கிலும் உயர்ந்த மரக்கிளையிலும் தொங்கும் பெரிய அடையிலிருந்து வருவது பாறைத்தேன் அல்லது பெருந்தேன். மரப்பொந்து, கறையான் புற்று போன்ற இடங்களில் அடுக்கடுக்காக அடை கட்டும் தேனீயுடையது பொந்துத்தேன். புதர்க்கிளையில் உள்ளங்கை அளவு அடை கட்டுவது கொம்புத்தேன். கொட்டத் தெரியாத சின்னஞ்சிறு ஈ, பிசினும் மெழுகும் கலந்து செய்த குட்டிக் குட்டிக் குடுவைகளில் சேர்ப்பது கொசுத்தேன். நான்குக்கும் சுவை வேறு, ஈரம் வேறு, விலையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். பாட்டிலில் எந்தத் தேன் என்று போடாமல் 'காட்டுத்தேன்' என்று மட்டும் போட்டிருந்தால் அங்கேயே அரை மதிப்பெண் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் பாறைத்தேன், சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு இதுதான். குறும்பர், இருளர், தேன் குறும்பர் என்றும் சொல்லப்படும் காட்டுநாயக்கர் ஆகியோர் எடுப்பது. முக்கியமான பருவம் சித்திரை முதல் ஆனி வரை. பாட்டிலைச் சாய்த்தால் பெட்டித்தேன் (பெட்டியில் வளர்க்கும் தேனீயின் தேன்) மாதிரிச் சோம்பலாக நகராது, சட்டென்று ஓடிவரும். கரண்டியிலிருந்து விழும்போது நூலிழை கொஞ்ச தூரத்திலேயே சொட்டாக உடையும். நாக்கில் முதலில் இனிப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு, கடைசியில் தொண்டையில் லேசான புகை வாசம். புகை மணப்பது தவறில்லை. தீப்பந்தம் அடைக்கு அருகில் நின்றதன் அடையாளம் அது. ஆனால் வாயில் போட்டதும் முதலில் தெரிவதே புகைதான் என்றால், பந்தமாகப் பிடிக்கும் பச்சிலைக்கட்டு சரியாகப் புகையாமல் எரிந்திருக்கிறது என்று பொருள். உள்ளே காய்ந்த சருகு, வெளியே பச்சை இலை என்று கட்டினால்தான் கனமான, சூடில்லாத புகை வரும். பச்சை குறைந்தால் தீயாகி அடையின் ஓரம் கருகும்.

ஏன் தண்ணியாக இருக்கிறது? பெருந்தேனீயின் அடை ஒற்றை அடை. பொந்து, கூரை எதுவும் கிடையாது. காற்றில் வெறுமனே தொங்குவது. ஒரு மீட்டர் அகலம்கூட வரும். பூவிலிருந்து வரும் சாற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதைச் சிறகு விசிறி வற்றவைத்து, பதம் வந்ததும் அறையை மெழுகால் மூடுகின்றன. மழைக்காற்று வீசும் மலைச்சரிவில், திறந்து தொங்கும் அடையில் இந்த வற்றல் ஓர் எல்லைக்கு மேல் போகாது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி 25 வரை நிற்பது சாதாரணம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இப்போதைய வரம்பு 20 சதவீதம். காட்டிலிருந்து அப்படியே வரும் நல்ல தேன் பல சமயம் சட்டத்தின் பரீட்சையில் தோற்கும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

அதனால் முறையாக விற்பவர்கள் ஈரத்தைக் குறைத்த பிறகே பாட்டிலில் அடைக்கிறார்கள். ஈரத்தை இழுக்கும் எந்திரம் வைத்த மூடிய அறையில் அகலமான தட்டுகளில் பரப்பி வைப்பது நல்ல வழி. அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவது கெட்ட வழி. காய்ச்சினால் தேன் கெட்டியாகும், புளிக்காது, பாட்டிலும் பளிச்சென்று இருக்கும். கூடவே மணம் போய்விடும், சர்க்கரை சிதைவதால் உண்டாகும் எச்.எம்.எஃப். என்ற பொருள் ஏறும். இதற்குக் கிலோவுக்கு 80 மில்லிகிராம் வரை அனுமதி. சூடு பட்டாலும் இது ஏறும், வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தாலும் ஏறும். கரும்பழுப்பு நிறத்தோடு வெல்லம் கருகின மாதிரி ஒரு வாடை அடித்தால் அது பூவின் நிறமல்ல, அடுப்பின் நிறம்.

மற்றபடி நிறம் மாறுவது பற்றிப் புகார் சொல்வது வீண். தொடக்கத்தில் பூத்தது ஒன்று, கடைசியில் பூத்தது ஒன்று. நாவல் பூக்கும் சமயத்துத் தேனில் கசப்பு இருக்கும், நிறமும் கருக்கும். அதையே விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 'கசப்புத் தேன்' என்று தனியாகப் பிரித்தும் விற்கிறார்கள். எல்லாப் பருவத்துத் தேனையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலந்தால் நிறம் எப்போதும் ஒன்றாக இருக்கும். வாங்குபவர் கேட்பது அதுதான் என்றால் விற்பவரும் அதைத்தான் செய்வார்.

இனி அறுக்கும் விஷயம். தரத்தில் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது. பெருந்தேனீயின் அடையில் தேன் எல்லா இடத்திலும் இருக்காது. மேல் மூலையில் தடித்துப் புடைத்திருக்கும் பகுதிதான் தேன் இருக்கும் தலை. அதற்குக் கீழே மகரந்தம். அதற்கும் கீழே, அகலமாகத் தொங்குவது முழுக்கப் புழு அடை, அதாவது ஈக்களின் குஞ்சு வளரும் இடம். தேன் தலையில் அறைகள் வெளுப்பாக மூடியிருந்தால் பதம் வந்துவிட்டது. மூடாத அறைகள் பளபளவென்று ஈரமாகத் தெரியும், அந்தத் தேன் இன்னும் சாறுதான். அடுத்த ஆள் முந்திக்கொள்வானோ என்ற அவசரத்தில் பத்து நாள் முன்னதாக அறுத்த அடையில் இந்தச் சாறு பாதி இருக்கும். அதைக் கலந்த வாளி முழுவதும் ஒரு மாதத்தில் புளிக்கும். மழை விட்ட மறுநாளே அறுத்தாலும் இதே கதி.

பாறைக்குப் பாறை உரிமை உண்டு. இந்தப் பாறை இந்தக் குடும்பத்துடையது, அந்த மரம் அந்த ஊருடையது என்ற பழைய ஏற்பாடு வெளியாட்களுக்கு ஒப்புக்கு இருப்பது மாதிரித் தெரியலாம். அந்த ஏற்பாடு கலைந்த இடத்தில்தான் முந்திக்கொள்ளும் அவசரம் வருகிறது, பதம் வராத தேன் சந்தைக்கு வருகிறது. பெருந்தேனீ பருவம் முடிந்ததும் இடம்பெயர்ந்து போய், அடுத்த வருஷம் அதே பாறைக்குத் திரும்பி வரும். திரும்பி வருமா வராதா என்பது போன வருஷம் என்ன விட்டுவைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. தெரிந்தவர்கள் ஒரு பாறையில் இருக்கும் எல்லா அடையிலும் கை வைக்க மாட்டார்கள். சிலது அப்படியே நிற்கும். எடுக்கும் அடையிலும் தேன் தலையை மட்டும் அறுத்துப் புழு அடையை விட்டால் ஈக்கள் அங்கேயே தங்கி மறுபடியும் கட்டும். முழுவதையும் அறுத்துக் கீழே தள்ளினால் அந்தக் கூட்டம் அந்தப் பருவத்துக்கு முடிந்தது. தேனுக்கும் இதில் நஷ்டம்தான், புழுவின் பால் கலந்தால் நுரைக்கும், சீக்கிரம் கெடும்.

இருட்டு நாள் பார்த்துப் போவதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெருந்தேனீ நிலா வெளிச்சத்தில் பறக்கக்கூடியது. வெளிச்சமான ராத்திரியில் பாறையில் தொங்குகிறவனை அது விரட்டும். காட்டுக்கொடியில் திரித்த ஏணிதான் பிடிமானம். மேலே கயிற்றுக்குக் காவல் நிற்பது மனைவியின் அண்ணனோ தம்பியோ. கயிறு விட்டால் தாலி அறுவது அவன் கூடப்பிறந்தவளுக்கு. காப்பீட்டு நிறுவனம் எதுவும் இதைவிடக் கெட்டியான ஒப்பந்தம் எழுதியதில்லை. போவதற்கு முன்னால் விரதம், பாறையில் தொங்கும்போது பாட்டு, இரண்டும் உண்டு. சின்னப் பையன்கள் முதலில் கற்றுக்கொள்வது ஏறுவதை அல்ல. எந்தக் கொடி எந்த மாதத்தில் வெட்டினால் அறாது, எந்த மரம் பூத்து எத்தனை நாளில் அடை கனக்கும் என்பதைத்தான். கொடியைப் புதிதாகத் திரிக்காமல் போன வருஷத்து ஏணியையே தொங்கவிடுவது விபத்துக்கு நேர்வழி. காய்ந்த கொடி வெளியே திடமாகத் தெரியும், வளைக்கும் இடத்தில் முறியும்.

கீழே வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். அடையைக் கையால் பிழிந்தால் அரைமணியில் வேலை முடியும். மகரந்தம், புழு, மெழுகுத் தூள் எல்லாம் சேர்ந்தே வரும். தேன் கலங்கலாக இருக்கும், மேலே மஞ்சள் நுரை கட்டும். புழு அடையைக் கத்தியால் பிரித்துவிட்டு, தேன் அடையைக் கீறி, துணியிலோ வலையிலோ வைத்துத் தானாக வடியவிட்டால் ஒரு ராத்திரி ஆகும். தேனும் கொஞ்சம் குறையும், ஆனால் ஒரு வருஷம் நிற்கும். பழைய மண்ணெண்ணெய் டின்னில் பிடித்த தேனை எந்த வடிகட்டியும் காப்பாற்றாது. கோத்தகிரியில் 1990களிலிருந்து தேனெடுக்கும் ஊர்களோடு வேலை செய்துவரும் கீஸ்டோன் பவுண்டேஷன் போன்ற அமைப்புகள் வந்த பிறகு சுத்தமான பாத்திரம், வடித்தெடுக்கும் பழக்கம் ஆகியவை பரவியிருக்கின்றன. மேலே ஏறும் வித்தையை யாரும் தேனெடுப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சட்டப்படியும் இது அவர்கள் பொருள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள் என்று சொல்லும்போது தேனையும் மெழுகையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சேகரிக்கவும் விற்கவும் உரிமை உண்டு. ஆகவே 'வனத்துறைக்குத் தெரியாமல் எடுத்த அசல் தேன்' என்று கண் சிமிட்டி விற்கிறவரிடம் வாங்காதீர்கள். அசல் தேனை ஒளித்து விற்க அவசியமே இல்லை.

வீட்டில் செய்யும் சோதனைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் நிற்க வேண்டும், தீக்குச்சியை முக்கி உரசினால் எரிய வேண்டும், தாளில் வைத்தால் ஊறக்கூடாது, எறும்பு வரக்கூடாது, நாய் நக்கக்கூடாது. இவற்றில் ஒன்றுகூட உருப்படியானது இல்லை. முதல் மூன்றும் ஈரத்தை மட்டும்தான் சொல்லும். கெட்டியான சர்க்கரைப் பாகு மூன்றிலும் தேறும். 23 சதவீத ஈரமுள்ள உண்மையான பாறைத்தேன் இவற்றில் தோற்கக்கூடும். பெரிய ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகுகள் வந்துவிட்டன. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், 13 நிறுவனங்களின் தேனை என்.எம்.ஆர். என்ற, மூலக்கூறு அளவில் பார்க்கும் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பியதில் 10 தேறவில்லை. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைப் பிடிக்கும் வழக்கமான சோதனைக்கு அகப்படாத அரிசிப் பாகு போன்றவைதான் அங்கே பிரச்சினை. அதைத் தீக்குச்சி கண்டுபிடிக்காது.

வீட்டிலேயே ஈரம் பார்க்க வேண்டுமென்றால் தேனுக்கென்று வரும் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து ஈரத்தைக் காட்டும் சின்னக் கருவி) போதும். ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் சதவீதம் தெரியும். எடை போட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். ஈரம் ஒரு சதவீதம் கூடினால் 100 மில்லியில் ஒரு கிராம்கூடக் குறையாது, சமையலறைத் தராசுக்கு அது எட்டாது. ஆனால் எடைக் கணக்கு இன்னொரு இடத்தில் உதவும். அரை லிட்டர் பாட்டிலில் பிடிக்கும் தேன் சுமார் 700 கிராம். ஒருவர் லிட்டர் கணக்கிலும் இன்னொருவர் கிலோ கணக்கிலும் விலை சொன்னால், லிட்டர் விலையை 1.4ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். மலிவு என்று நினைத்தது பல சமயம் மாறிவிடும்.

அந்தப் புஸ் சத்தம். ஈரம் அதிகமான தேனில் ஈஸ்ட் வேலை செய்தால் வாயு சேரும், மூடி உப்பும், கள் வாடை வரும். புது பாட்டிலில் மேலே வெள்ளையாக நிற்கும் நுரை வேறு. அது வடிக்கும்போது மாட்டிய காற்றும் மெழுகுத் தூளும், வழித்துப் போட்டால் திரும்பி வராது. கிளறிவிட்ட மறுநாளும் அடியிலிருந்து குமிழி ஏறிக்கொண்டே இருந்தால் புளிக்கிறது என்று பொருள். விஷமில்லை, ருசிதான் போகும். அப்படிப்பட்ட பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பதில் தப்பே இல்லை. வாங்கியது 20 சதவீதத்துக்கு மேல் என்று தெரிந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே ஈஸ்ட் தூங்கிவிடும். தேன் உறையலாம், பரவாயில்லை. உறைந்ததை இளக்க, 40 முதல் 45 டிகிரி சூடுள்ள தண்ணீரில், அதாவது கை பொறுக்கும் சூட்டில், பாட்டிலை நிறுத்தினால் போதும். பாதி உறைந்த தேனை வெளியே அப்படியே விட்டால் மேலே நிற்கும் திரவத்தில் ஈரம் கூடிப் புளிக்கத் தொடங்கும். ஈரக் கரண்டியும் மழைக்காலத்தில் திறந்து வைத்த மூடியும் நல்ல தேனையும் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தைத் தேன் உறிஞ்சிக்கொள்ளும்.

பொந்துத்தேன் இதைவிடச் சாதுவான பொருள். அடைகள் தனித்தனியாக இருப்பதால் தேன் அடையை மட்டும் சுத்தமாகப் பிரிக்க முடியும். கெட்டி அதிகம், புளிப்பு குறைவு, புகை கிட்டத்தட்ட இல்லை. முதல் தடவை காட்டுத்தேன் வாங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். இதே தேனீயைத்தான் மார்த்தாண்டம் பக்கம் பெட்டியில் வளர்க்கிறார்கள். அங்கே பெரும்பாலும் ரப்பர் இலைக்காம்பில் ஊறும் சாறு என்பதால் சுவை தட்டையாக, ஒரே மாதிரி இருக்கும், சீக்கிரம் உறையும். அதுவும் அசல் தேன்தான். ஆனால் அதைப் 'பொந்துத்தேன்' என்று மலைவிலைக்கு விற்றால் அது வேறு கணக்கு.

கொம்புத்தேன் ஒரு அடைக்கு ஒரு கிலோகூடத் தேறாது. ஆகவே லிட்டர் லிட்டராகக் கொம்புத்தேன் வைத்திருக்கும் கடையைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். ரோட்டோரத்தில் வாளி நிறைய பாகு, அதன்மேல் மிதக்கும் அடை, அடையில் நாலு ஈ: இந்தக் காட்சியில் உண்மையானது அடையும் ஈயும் மட்டும்தான்.

கொசுத்தேன் பற்றித்தான் அதிகக் கதை உலவுகிறது. மருந்துக்கு என்று வாங்குகிறார்கள், மற்ற தேனைவிடப் பல மடங்கு விலை. ஒரு கூட்டில் வருஷத்துக்குச் சில நூறு கிராம் கிடைத்தாலே அதிகம். சுவை புளிப்பு, பிசின் மணம், ஏறக்குறைய எலுமிச்சை ஊறுகாயின் தெளிவு மாதிரி ஓடும். இந்தத் தேனில் ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். ஆகவே கெட்டியாக, தித்திப்பாக, பொன்னிறமாக ஒரு கொசுத்தேன் பாட்டில் கிடைத்தால் அது கொசுத்தேன் அல்ல. அசலை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். 100 மில்லிக்கு மேல் வாங்காதீர்கள், முடிவதற்குள் புளிப்பு ஏறிவிடும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க என்று கேட்டு வாங்குகிறவர்கள் பலர். எந்தத் தேனானாலும் ஒரு வயது நிரம்பும் வரை கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்து அந்தக் குடலில் முளைத்து நஞ்சாகும், வடிகட்டினாலும் காய்ச்சினாலும் அது போகாது.

மதிப்பெண் என்று கேட்டால், கோடையில் எடுத்து, வடியவிட்டு, ஈரம் இறக்கி, ஊர்ப் பெயரும் மாதமும் போட்டு வரும் பாறைத்தேனுக்கு ஐந்துக்கு நாலரை. பிழிந்தெடுத்ததற்கு மூன்று. பெயரும் மாதமும் இல்லாமல், வருஷம் முழுக்க ஒரே நிறத்தில், ஒரே கெட்டியில் வருவதற்கு மதிப்பெண் கிடையாது. வாங்கும்போது விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள், "எந்த மாசம் எடுத்தது, அப்போ என்ன பூ?" தேன் எடுத்த ஊரோடு தொடர்பில் இருக்கிறவர் யோசிக்காமல் பதில் சொல்வார். மற்றவர்கள் தீக்குச்சியைத் தேடுவார்கள்.